மணவாளக்குறிச்சியிலிருந்து கர்ப்பப்பை வரை

நாகர்கோவிலில் குளச்சல் பஸ் ஏறி ராஜாக்கமங்கலம், அம்மாண்டிவிளை தாண்டினால் மணவாளக்குறிச்சி. அதற்கடுத்து மண்டைக்காடு, மாசிக் கொடைக்கு இருமுடி கட்டிவரும் பெண்கள் கடலில் கால் நனைக்கிற ஊர். அந்தக் கரையில் மணல் வெளுப்பாக இராது. கறுப்பும் செம்மையும் கலந்து கிடக்கும். கறுப்பு இல்மனைட், செம்மை கார்னெட். இரண்டுக்கும் நடுவே, கூர்ந்து பார்த்தால் மட்டும் தென்படுகிற தேன்நிறப் பொடி ஒன்று உண்டு. அதுதான் மோனசைட். அந்தப் பொடி எந்தெந்த ஊர் போயிற்று, யார் கையில் என்னவாக மாறிற்று, கடைசியில் எப்படிப் பெண்களின் கர்ப்பப்பைக்குள் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லப்போகிறேன்.

பிறந்த இடம் மலை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உதிர்ந்துகொண்டிருக்கின்றன. வள்ளியாறும் குழித்துறைத் தாமிரபரணியும் அந்த உதிர்வைக் கடலில் கொண்டுவந்து போடுகின்றன. ஆனி, ஆடியில் கடல் சீறும்போது லேசான வெண்மணலை அலை இழுத்துக்கொண்டு போய்விடும். கனத்த தாது கரையிலேயே தங்கிவிடும். மோனசைட் தண்ணீரைப் போல ஐந்து மடங்கு கனம். இன்று ஆலைக்குள் நீரோட்டம், காந்தம், மின்னூட்டம் என்று பலவழியில் நடக்கிற பிரிப்பு வேலையில் பாதியைக் கடலே முடித்துவைக்கிறது.

இதை வெளியுலகம் கண்டுகொண்டது கயிற்றால். இங்கிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சோதித்துப் பார்த்தார். அவர் தேடிக்கொண்டிருந்த பொருள் அதில் இருந்தது. விரைவிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது, பிறகு கொல்லத்துக்கு வடக்கே சவறையிலும் வந்தது. அதுவரை உலகச் சந்தையில் ஓடியது பெரும்பாலும் பிரேசில் மணல். அதில் தோரியம் ஆக்சைடு நூற்றுக்குச் சுமார் 6 பங்கு. திருவிதாங்கூர் மணலில் 8 முதல் 10 பங்கு வரை. வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்?

தோரியம் அப்போது வெளிச்சத்துக்கான பொருள். ஆஸ்திரியாக்காரரான கார்ல் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த மேன்டிலில் 100க்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. துணிவலையை இந்த உப்புக் கரைசலில் முக்கி எரித்தால் துணி போய்ச் சாம்பல் வலை நிற்கும். வாயுச் சுடரில் அது வெள்ளையாய் ஒளிரும். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்கும் நம் ஊர்க் கல்யாணப் பந்தலின் பெட்ரோமாக்ஸும் இதன் பிள்ளைகள். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணி ஆசையாக விளக்கிக்கொண்டிருக்கும்போது செந்தில் உடைத்துத் தள்ளுகிற மேன்டிலின் பூர்வீகம் கேட்டால், சங்கிலி நம் கடற்கரை வரை வந்து நிற்கும்.

நம் கதை மேன்டிலோடு போகவில்லை. மேன்டில் ஆலையில் மிஞ்சிய கழிவோடு போகிறது.

தோரியம் தானாகச் சிதைகிற தனிமம். அவசரமே கிடையாது. இருப்பதில் பாதி சிதைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்; இதைத்தான் அரை ஆயுள் என்பார்கள். அது சிதைந்து இன்னொன்றாகிறது, அது மற்றொன்றாகிறது, கடைசியில் காரீயமாகி அடங்குகிறது. இந்த வம்சாவளியில் தோரியத்துக்கு அடுத்த தலைமுறை எது என்று முதலில் யாருக்கும் தெரியாது. 1905இல் லண்டனில் வேதியியலாளர் ராம்சேயிடம் வேலை பார்த்தபோது ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ஹான் ரேடியோதோரியம் என்ற ஒன்றைக் கண்டார். கண்ட பிறகும் ஒரு முடிச்சு அவிழவில்லை. தோரியத்தை எவ்வளவு சுத்தம் செய்தாலும் ரேடியோதோரியம் அதைவிட்டுப் பிரியவே மாட்டேன் என்றது. இரண்டுக்கும் நடுவில் வேறொரு தலைமுறை இருக்க வேண்டும் என்று தேடி, 1907இல் பெர்லினில் அதைப் பிடித்தார். மீசோதோரியம் என்று பெயர் வைத்தார். இன்றைய கணக்கில் அது ரேடியம்-228.

மேன்டிலுக்காகத் தோரியத்தை எடுத்த பிறகு ஆலைகள் ஒதுக்கிய மிச்சத்தில்தான் மீசோதோரியம் இருந்தது. பெர்லினின் நோஃப்லர் ஆலை அதைப் பிரித்து விற்க ஆரம்பித்தது. ஒரு டன் மோனசைட்டிலிருந்து கிடைப்பது சில மில்லிகிராம் ரேடியத்துக்கு ஈடான சரக்குதான். ஆனால் மேரி க்யூரியின் ரேடியம் அன்று யானை விலை, குதிரை விலை. மீசோதோரியம் அதைவிட மலிவு. ‘ஜெர்மன் ரேடியம்’ என்றே அழைத்தார்கள். 1912 அக்டோபரில் கைசர் வில்லெம் வேதியியல் நிறுவனத் திறப்பு விழாவில், 300 மில்லிகிராம் அளவு மீசோதோரியத்தை இருட்டறையில் வைத்துக் கைசருக்கே காட்டினார் ஹான். மன்னரை இருட்டறைக்குள் அழைத்துப் போவதா என்று அரண்மனை அதிகாரி ஒருவர் முறைத்ததைப் பிற்காலத்தில் ஹான் ரசித்துச் சொல்லியிருக்கிறார். கதிரியக்கப் பொருளுக்கு எந்த மறைப்பும் இல்லாமல் நின்றார்களே என்பது நமக்குப் பதைக்கிறது, அவர்களுக்கு இருட்டுதான் பிரச்சினை.

அன்றைய பெர்லின் ஆலைகளில் பிரேசில் மணலும் திருவிதாங்கூர் மணலும் கலந்தே வெந்தன. எந்த மணலின் மீசோதோரியம் எந்தக் குழாய்க்குள் போயிற்று என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆலை வாசலில் இரண்டு மணலும் இருந்தன என்பதே போதும்.

குழாய் என்றேனே, அது ஆஸ்பத்திரிக் குழாய். வெளியிலிருந்து பாய்ச்சிய அக்கால எக்ஸ்ரே உடலின் ஆழத்துக்குப் போகத் திணறியது. போவதற்குள் தோல் வெந்துவிடும். கதிர் வீசுகிற பொருளையே கட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால்? 1903இலேயே நியூயார்க்கில் மார்கரெட் கிளீவ்ஸ் என்ற பெண் மருத்துவர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியத்தை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டார். இந்த வைத்தியத்துக்குக் கர்ப்பப்பை இயல்பாகவே ஏற்ற உறுப்பு. உள்ளே வெற்றிடம் உண்டு, போக வழி உண்டு, கத்தி வைக்காமல் நுழையலாம். கர்ப்பப்பையின் தசை அதிகக் கதிரைத் தாங்கவும் செய்யும். ஆனால் அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டு சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். இரண்டும் தாங்காது. இந்த வைத்தியத்தின் நூறாண்டு வரலாற்றை ஒரே வரியில் சொல்லலாம்: நடுவில் இருப்பதை எரிக்க வேண்டும், முன்னும் பின்னும் இருப்பதைத் தொடக் கூடாது. தூரம் இரு மடங்கானால் கதிர் கால் பங்காகக் குறையும் என்ற இயற்பியல் விதி ஒன்றே துணை. அதனால் சென்டிமீட்டர் கணக்கில் வாழ்வும் சாவும்.

1913இல் ஹாலே நகரில் கூடிய ஜெர்மன் மகளிர் மருத்துவர்கள் மாநாட்டில் பெர்லினின் பும், ஃப்ரைபூர்கின் க்ரோனிக், ம்யூனிக்கின் டோடர்லைன் மூவரும் தாங்கள் கதிரால் சிகிச்சை செய்த கர்ப்பப்பைப் புற்றுநோய் நோயாளிகளைப் பற்றிப் பேசினார்கள். ரேடியம், மீசோதோரியம், எக்ஸ்ரே எல்லாம் அதில் உண்டு. அறுவைக்கு உதவாது என்று கைவிட்ட கட்டிகள் சுருங்கியதை விவரித்தார்கள். அறுவையில் கைதேர்ந்தவர்களே கத்தியைக் கீழே வைக்கலாமா என்று யோசித்தார்கள் என்றால் அன்றைய பரபரப்பை எண்ணிப் பாருங்கள். தங்கள் ஆஸ்பத்திரிக்கு மீசோதோரியம் வேண்டும் என்று ஜெர்மன் நகரங்கள் பணம் திரட்டக் கிளம்பின. 1914இல் மீசோதோரியத்தால் ஹானுக்கு வந்த பங்கு 66,000 மார்க். அதில் பத்தில் ஒன்றைத் தன்னோடு உழைத்த லீஸ மைட்னருக்குக் கொடுத்தார்.

பின்னால் வந்த சேதாரத்தையும் சொல்ல வேண்டும். எவ்வளவு வைப்பது, எத்தனை மணி நேரம் வைப்பது என்பதற்கு அளவுகோல் கிடையாது. கட்டி கரைந்த இடத்திலேயே சிறுநீர்ப்பையிலும் மலக்குடலிலும் ஓட்டை விழுந்த பெண்கள் இருந்தார்கள். அளவு கற்றுக்கொள்ள அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

அதற்குள் முதல் உலகப் போர் வந்துவிட்டது. திருவிதாங்கூர் மணல் ஜெர்மானியர் கையைவிட்டு ஆங்கிலக் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. 1922 முதல் பெல்ஜியத்தின் காங்கோச் சுரங்கத் தாது ஓலன் ஆலையில் ரேடியமாக வெளிவரத் தொடங்கியதும் ரேடியம் விலை சரிந்தது. மீசோதோரியத்தின் அரை ஆயுள் ஆறு ஆண்டுகூட இல்லை, ரேடியத்துக்கோ 1,600 ஆண்டுகள். அடிக்கடி புதிதாக வாங்க வேண்டிய மலிவுச் சரக்கு, ஒருமுறை வாங்கினால் போதும் என்கிற சரக்கிடம் தோற்றது. 1913இல் குழாய்க்குள் அடைத்த மீசோதோரியத்தில் இன்று ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தால் அதிகம்.

பொருள் மாறினாலும் வைத்தியம் நின்றது, வளர்ந்தது. ஸ்டாக்ஹோமிலும் பாரிஸிலும் தனித்தனி முறைகள் உருவாயின. ஸ்டாக்ஹோமின் ஜேம்ஸ் ஹேமன் கர்ப்பப்பையின் உட்சுவரில் வருகிற புற்றுநோய்க்கு வேறு வழி கண்டார். ஒரே குழாயை நடுவில் நிறுத்தினால் கோணல்மாணலாக விரிந்த கர்ப்பப்பையின் மூலைகளுக்குக் கதிர் சமமாகப் போகாது. அதனால் சின்னச் சின்ன ரேடியக் குப்பிகளை ஒவ்வொன்றாக உள்ளே நிரப்பினார். நோயை நிலை நிலையாகப் பிரிக்கிற வழக்கமும் இதிலிருந்தே கிளைத்தது. எந்த ஊர் ரேடியம் நன்றாகக் குணப்படுத்துகிறது என்று ஒப்பிட வேண்டுமானால் முதலில் ஒரே மாதிரி நோயாளிகளை ஒப்பிட வேண்டுமே! சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சுகாதாரப் பிரிவு 1929இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு நிலைகள் வகுத்தது அதற்காகத்தான். இன்று டாக்டர் ‘ஸ்டேஜ் டூ’ என்று சொல்வதன் ஆரம்பம் அங்கே. 1938இல் மான்செஸ்டரில் மார்கரெட் டாடும் மெரிடித்தும் ‘ஏ’ புள்ளி என்று ஒன்றைக் குறித்தார்கள். கர்ப்பப்பை வாயிலிருந்து 2 செ.மீ. மேலே, 2 செ.மீ. பக்கவாட்டில். அந்த இடத்துக்கு இவ்வளவு கதிர் போக வேண்டும் என்று எழுதினால், எழுதியவர் மான்செஸ்டரில் இருந்தாலும் மதராஸில் இருந்தாலும் பொருள் ஒன்றே.

மணல் இங்கிருந்து போயிற்று. வைத்தியம் எப்போது இங்கே வந்தது? மணவாளக்குறிச்சியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய நெய்யூரில் 1838 முதல் மருத்துவ மிஷன் இருந்தது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் பிறகு அறுவை மருத்துவராக வந்து தங்கிய ஆஸ்பத்திரி அது. அங்கே பணியாற்றிய ஓர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வருகிற வாய்ப் புற்றுநோய் பற்றி 1933இல் ‘லான்செட்’டில் எழுதினார். புகையிலையும் பாக்கும் செய்கிற கேட்டைப் பேசும் ஆய்வுகள் இன்றும் அந்தக் கட்டுரையைச் சுட்டுகின்றன. உலகப் புற்றுநோய் ஆய்வில் எங்கள் வட்டாரத்தின் பெயர் அப்போதே ஏறிவிட்டது. மதராஸில் 1934இல் பார்னார்டு கதிரியக்க நிலையம் திறந்தது. முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். கனடாவிலிருந்து கொடையாக ஒரு கோபால்ட்-60 கருவி அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அங்கு வந்து சேர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கோ 1981 முதல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், அதாவது ‘ஆர்.சி.சி.’தான் பக்கம். “ஆர்.சி.சி.க்குப் போவச் சொல்லிட்டாவ” என்றால் எங்கள் ஊரில் வேறு விளக்கம் தேவைப்படாது. முகத்தைப் பார்த்தாலே போதும்.

மணலுக்கும் சொந்த நாட்டில் வேறு வேலை வந்தது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் உருவாயிற்று. ஆலுவாவில் அதன் ஆலையை 1952 டிசம்பரில் நேரு திறந்துவைத்தார். மணவாளக்குறிச்சி ஆலையும் பிறகு அதன் கீழ் வந்தது. வருங்கால அணு உலைகளுக்காகத் தோரியத்தைச் சேமித்து வைப்பது என்பது ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் அடிப்படை. மோனசைட்டை இன்று தனியார் தொட முடியாது. மேன்டிலும் மருந்தும் மறந்துபோய், மின்சாரக் கணக்கில் மட்டும் தோரியத்தின் பெயர் இருக்கிறது.

இந்த இடத்தில் ஊர்ப் பேச்சு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாது மணல் கிடக்கிற கரையில் புற்றுநோய் அதிகம் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இதே மணல் கிடக்கும் கேரளத்தின் கருநாகப்பள்ளியில், 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்து திருவனந்தபுரம் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 2009இல் முடிவு வெளியாயிற்று. அதிகக் கதிர் வீசும் பகுதியில் வாழ்ந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை. கிள்ளியூர் வட்டாரத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்ப்பதற்குக் கரை அரிப்பு, வீடு, வலை, வள்ளம் என்று நியாயமான காரணங்கள் பல இருக்கின்றன. புற்றுநோயை முதல் காரணமாக வைத்தால் அந்த நியாயங்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன என்பது என் எண்ணம்.

கர்ப்பப்பைக்குள் வைக்கிற பொருளுக்குத் திரும்புவோம். ரேடியக் காலத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவரும் நர்ஸும் தங்கள் கையால் கதிர்ப் பொருளைத் திணித்தார்கள். விரல்கள் கருகின. 1960 வாக்கில் அமெரிக்காவில் உல்ரிக் ஹென்ஷ்கே ஒரு மாற்று கண்டார். முதலில் வெறும் குழாயைப் பதமாக உள்ளே பொருத்து. படம் எடுத்துச் சரிபார். கதிர்ப் பொருளைக் கடைசியில் அனுப்பு. பிற்பாடு அதை இயந்திரமே அனுப்பத் தொடங்கியது. இன்று அந்தப் பொருள் இரிடியம்-192. எஃகுக் கம்பியின் நுனியில் பற்றவைத்த, அரிசிமணியைவிடச் சிறிய துணுக்கு. குழாய்க்குள் ஓடி, கணினி சொன்ன இடங்களில் சில நொடி நின்று நகர்ந்து, சில நிமிடத்தில் ஈயப்பெட்டிக்குத் திரும்பிவிடும். அறைக்குள் நோயாளி மட்டும் இருப்பார், மற்றவர்கள் வெளியே கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் பெண்கள் வெளிக்கதிர், உள்கதிர் எல்லாவற்றுக்கும் ‘கரண்டு வெக்கிறது’ என்ற ஒரே பேர் வைத்திருக்கிறார்கள். வெளியே இருபத்தைந்து நாள் வைத்த கரண்டுக்குச் சளைக்காதவர்களும் ‘உள்ளே வெக்கணும்’ என்றதும் கலங்கிப்போகிறார்கள். வலியைவிடக் கூச்சம் பெரிது. இதைப் பற்றி முன்கூட்டியே, ஒரு பெண் ஊழியர், நோயாளியின் பேச்சிலேயே சொல்லிப் புரியவைத்தால் பாதிப் பேர் பாதியில் நிற்கமாட்டார்கள்.

இரிடியத்தின் அரை ஆயுள் 74 நாள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதுத் துணுக்கு வந்தாக வேண்டும், பழையது திரும்பிப் போக வேண்டும். பெருநகரத்துக்கு இது சுமையில்லை. சிறு ஊர் ஆஸ்பத்திரிக்கு, ஒரு தவணை தாமதமானால் நோயாளி காத்திருக்க நேரும். அதனால்தான் ஐந்தேகால் ஆண்டு அரை ஆயுள் கொண்ட கோபால்ட் துணுக்கை வைத்து ஓடும் இயந்திரங்கள் சிறு ஊர்களுக்கு ஏற்றவை. பணக்கார நாட்டு மாநாடுகளில் இதற்கு மதிப்பு குறைவு. நமக்கு அப்படியிருக்க வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டவர்கள் 1,27,526 பேர், இறந்தவர்கள் 79,906 பேர். முற்றிய நிலையில் வருகிறவர்களே அதிகம், அவர்களுக்கு இந்த உள்கதிர் இல்லாமல் குணமில்லை. புது ஆய்வுகள் எல்லாம் இதற்குத் துணை தேடியவைதாம், மாற்றுத் தேடியவை அல்ல. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, இடுப்புச் சுவர் வரை பரவிய நிலையில் இருந்த 850 பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கதிரோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்தும் கொடுத்துப் பார்த்தது. 2018இல் வெளியான முடிவின்படி ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 46 சதவீதத்திலிருந்து 54 ஆனார்கள். வியன்னாவை மையமாகக் கொண்டு பல நாடுகளில் நடந்த எம்ப்ரேஸ் ஆய்வு, குழாயைப் பொருத்தியபின் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, அந்தந்தப் பெண்ணின் கட்டி வடிவத்துக்கேற்பக் கதிரைத் திருத்தியது. 1,341 பேரில் ஐந்தாண்டுக்குப் பிறகும் நூற்றுக்கு 92 பேருக்கு அந்த இடத்தில் நோய் திரும்பவில்லை. மான்செஸ்டரின் ‘ஏ’ புள்ளி எல்லாப் பெண்ணுக்கும் ஒன்றே. எம்ப்ரேஸில் ஒவ்வொருத்திக்கும் தனி வரைபடம். 2024இல் லான்செட்டில் வந்த இன்டர்லேஸ் ஆய்வு, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 500 பெண்களோடு நடந்தது. கதிருக்கு முன்னால் ஆறு வாரம், விலை குறைந்த பழைய மருந்துகளான கார்போபிளாட்டினும் பாக்லிடாக்சலும் கொடுத்தார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 72 சதவீதத்திலிருந்து 80 ஆயிற்று. புது மருந்து எதுவும் இல்லாமல் இவ்வளவு கிடைத்தது பெரிய விஷயம். மிகச் செலவான இம்யூன் சிகிச்சை ஆய்வுகளுக்குக் கிடைத்த விளம்பரம் இதற்குக் கிடைக்கவில்லை.

உட்சுவர்ப் புற்றுநோயில் ஆராய்ச்சி எதிர்த்திசையில் நடக்கிறது. இந்த நோய் நம் நகரங்களில் கூடிவருகிறது. உடல் பருமனும் சர்க்கரையும் இருக்கிற இடத்தில் இதுவும் வரும். மாதவிடாய் நின்ற பிறகும் உடல் கொழுப்பு ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அதைத் தணிக்கும் புரோஜெஸ்டரோன் இல்லாததால் உட்சுவர் தடித்துப் போகிறது. ஒரு நல்லது என்னவென்றால் இது பெரும்பாலும் ஒளிந்து வருவதில்லை. தீட்டு நின்று ஓராண்டு கழிந்த பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பலருக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். ‘சூட்டுக்குப் படுது’ என்று இளநீர் குடித்துக்கொண்டு மாதங்களைக் கடத்துகிறவர்கள் நம்மிடம் அதிகம்.

இதற்கு முதல் சிகிச்சை கர்ப்பப்பையை அகற்றுவது. அகற்றிய பிறகு கதிர் வேண்டுமா என்பதுதான் கேள்வி. நெதர்லாந்தின் லைடனில் காரின் க்ரோய்ட்ஸ்பெர்க் குழு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே கேள்வியை விடாமல் கேட்டுவருகிறது. 2000இல் வந்த, அவர்களின் போர்டெக் வரிசையின் முதல் ஆய்வில் 715 பெண்கள். வெளிக்கதிர் கொடுத்தால் இடுப்புப் பகுதியில் நோய் திரும்புவது 14 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைந்தது. ஆயுள் கூடவில்லை. 2010இல் இரண்டாம் ஆய்வு, 427 பெண்கள். இடுப்பு முழுவதற்கும் வெளிக்கதிர் கொடுப்பதற்குப் பதில் யோனியின் மேல்முனைக்கு மட்டும் உள்கதிர் வைத்தார்கள். அந்த இடத்தில் நோய் திரும்பியது இரு பக்கமும் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. உள்கதிர் வைத்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு, குடல் தொல்லை குறைந்தது, அன்றாட வாழ்க்கை நன்றாக இருந்தது. பெரிதைச் சிறியதால் மாற்றினார்கள்.

சிறியதும் வேண்டாத பெண்கள் உண்டா? 2013இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 373 கட்டிகளைப் பிரித்துப் பார்த்து, நுண்ணோக்கியில் ஒரே மாதிரித் தெரிகிற இந்த நோய் மரபணுவில் நான்கு வகை என்றது. போர்டெக் மூன்றாம் ஆய்வின் கட்டித் துண்டுகளை 2020இல் அதே கண்ணால் பார்த்தார்கள். பிஓஎல்இ என்ற மரபணுவில் பழுது உள்ள கட்டி வந்தவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு ஐந்தாண்டில் நோய் திரும்பவில்லை. பி53 கெட்டிருந்தவர்களில் 48 பேருக்கு மட்டுமே திரும்பவில்லை. அந்த பி53 வகையில், கதிர் மட்டும் வாங்கியவர்கள் 36 சதவீதமும் கூடவே கீமோவும் வாங்கியவர்கள் 59 சதவீதமும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். போர்டெக் 4ஏ ஆய்வு இந்த வகைப்பாட்டைக் கொண்டே யாருக்கு வெளிக்கதிர், யாருக்கு உள்கதிர், யாருக்கு எதுவுமே வேண்டாம் என்று முடிவுசெய்தது. மகளிர் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பும் 2023இல் நோய் நிலையைக் கணிக்கும்போது மரபணு வகையைச் சேர்த்துக்கொண்டது. நாகர்கோவிலில் அகற்றிய கர்ப்பப்பையின் துண்டு மெழுகுக் கட்டிக்குள் உறைந்து ஆய்வகத்தில் இருக்கும். பி53 சோதனையும், டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் எம்எம்ஆர் புரதச் சோதனையும் அந்தத் துண்டின் சாய நிறத்தை வைத்தே செய்யலாம். பிஓஎல்இக்கு மட்டும் மரபணு வரிசை படிக்கும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ‘இந்தச் சோதனை பார்த்தாச்சா?’ என்று மகளோ மருமகளோ டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

சூலகப் புற்றுநோய்க்கு வந்தால், மணலின் குடும்பமே மறுபடி எட்டிப் பார்க்கிறது. இந்த நோய் வயிற்றின் உறையெங்கும் பொடிப்பொடியாகப் பரவும். குழாயை வைக்க ஒரு இடம் கிடையாது. இங்கே கைகொடுக்கக்கூடியது ஆல்பா கதிர். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது, ஆனால் போகிற தூரத்தில் எதிர்ப்படும் செல்லின் டிஎன்ஏவை இரண்டாக வெட்டும். தோரிய வம்சாவளியில் மீசோதோரியத்தின் பேரன் ரேடியோதோரியம், அதன் பிள்ளை ரேடியம்-224, அந்த வழியில் இன்னும் கீழே காரீயம்-212. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் காரீயம்-212ஐ டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடியோடு கட்டி வயிற்றுக்குள் செலுத்திய முதல்கட்ட ஆய்வில் பெரும்பாலோர் சூலகப் புற்றுநோய் உள்ள பெண்கள். ஆஸ்லோவின் ஆன்கோஇன்வென்ட் நிறுவனம் ரேடியம்-224ஐக் கால்சியம் கார்பனேட் நுண்துகள்களில் ஏற்றி, அறுவைக்குப் பிறகு வயிற்றறைக்குள் விடுகிறது. அரை ஆயுள் 3.6 நாள். வேலையை முடித்துவிட்டுத் தானே அடங்கிவிடும். இவையெல்லாம் இன்னும் சோதனைக் கட்டத்தில் இருப்பவை, எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்டால் கிடைக்காது.

காரீயம்-212 வேண்டுமென்றால் ரேடியோதோரியம் வேண்டும். தோரியத்திலிருந்து அதை நேராகப் பிரிக்க முடியாது என்பது நூறாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம். இரண்டும் ஒரே தனிமம். அதனால் தோரியத்திலிருந்து அதைப் பெற இன்றும் வழி ஒன்றுதான்: முதலில் மீசோதோரியத்தை எடுக்க வேண்டும். அது சிதைந்து ரேடியோதோரியம் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். ஃப்ரான்ஸின் ஓரானோ நிறுவனம் தன் பழைய தோரியக் கையிருப்பிலிருந்து இதைத்தான் செய்கிறது. கையிருப்பு அதனால் கரைவதில்லை, எடுத்த இடத்தில் மீண்டும் ஊறும். நம்மிடமும் கையிருப்பு இருக்கிறது. மின்சாரத்துக்கென்று ஒதுக்கிய தோரியத்தில் துளியும் குறையாமல் மருந்துக்கானதை அதிலிருந்தே எடுக்கலாம். அதற்கான முதல் படி, நோஃப்லர் ஆலையில் செய்த அதே பிரிப்பு.